மேதைமையும் சூழலும்: எண் கோட்பாட்டறிஞர் சிவசங்கரநாராயண பிள்ளை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

தமிழ் மக்களிடையே கணித அறிஞர் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் சீனிவாச இராமானுஜன் (1887–1920) என்னும் ஒரு பெயரே முதலிலும் முடிவிலும் நிற்கக் காண்கிறோம். அப்பெயருடன் ஒரு கதையும் நிலைபெற்றுவிட்டது. கும்பகோணத்து வறிய குடும்பத்துப் பிள்ளை. கல்லூரித் தேர்விலே தோற்றவர். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்திலே மாதம் 30 ரூபாச் சம்பளத்துக்கு எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். 1913இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தால் உலகறிந்தவர். குலதெய்வம் கனவில் வந்து சூத்திரங்களைக் கூறிற்று என நம்பியவர். 32 வயதில் மறைந்தவர். கதையின் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் உண்மையே. ஆயினும் அவை கோக்கப்பட்ட முறை வரலாற்றுக்கு உரியதன்று, புராணத்துக்கு உரியது. மேதைமை வானத்திலிருந்து விழுவது, அதற்குக் காரணம் தேடலாகாது என்பதே அக்கதை மறைமுகமாகப் போதிக்கும் பாடமாகும்.

இப்பாடத்தின் சமூக விளைவு சிறிதன்று. மேதை வரப்பிரசாதமாயின், பாடசாலை, நூலகம், ஆய்வு உதவிப்பணம், சஞ்சிகை, சக ஆய்வாளர் ஆகிய எவையும் பொருட்படுத்த வேண்டியவை அல்ல. ஒரு சமுதாயம் தன் குழந்தைகளுக்குச் செய்யத் தவறியவற்றை எல்லாம் 'அருள் கிட்டவில்லை' என்ற சொற்றொடரால் மூடிவிடலாம். இராமானுஜனின் ஆற்றலை மறுப்பது நமது நோக்கமன்று. தனிமனிதனின் பங்கை மறுப்பது வரலாற்றுப் பொருள்முதல்வாதமும் ஆகாது. வரலாற்றிலே தனிமனிதர் வகிக்கும் பாத்திரம் பற்றிப் பிளெக்கானோவ் 1898இலேயே விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆற்றல் எவ்வாறு செயலாக மாறுகிறது, எந்த நிலைமைகளில் மாறாது போகிறது என்பதே நமது வினா.

இவ்வினாவுக்கு விடை தேட இராமானுஜனைவிட அவருக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த இன்னொருவரின் வாழ்வு கூடுதலாகத் துணைபுரியும். அவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை (1901–1950). எண் கோட்பாட்டுத் துறையினர் உலகெங்கும் அறிந்த பெயர் இது. தமிழ் வாசகருக்கோ ஏறத்தாழ அறிமுகமற்றது. இந்த அறியாமை தற்செயலானதன்று என்பதை ஈண்டு நிறுவ முயல்வோம்.

2

பிள்ளை 1901 ஏப்பிரல் 5ஆந் திகதி திருநெல்வேலி மாவட்டத்தில், குற்றாலத்துக்கு அருகேயுள்ள வல்லம் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் சுப்பையா பிள்ளை. தாயார் கோமதி அம்மாள். பிறந்து ஓராண்டுக்குள் தாயை இழந்தார். அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு உட்பட்டிருந்த செங்கோட்டையிலே பாடசாலைக் கல்வி கற்றார். இறுதி வகுப்பிலே பயின்றுகொண்டிருந்தபோது தந்தையும் காலமானார். அத்துடன் படிப்பு நின்றிருக்க வேண்டும். நிற்காமைக்குக் காரணம் சாஸ்திரியார் என்று அறியப்பட்ட ஓர் ஆசிரியர். மாணவனின் திறமையை இளமையிலேயே இனங்கண்ட அவர் பொருளுதவியும் செய்து கல்வியைத் தொடரச் செய்தார்.

இந்நிகழ்ச்சியை ஆசிரியரின் கருணைக்குச் சான்றாக மாத்திரம் கொண்டால் அதன் முழுப்பொருளும் புலனாகாது. அநாதையான கெட்டிக்கார மாணவனுக்குச் சமுதாயம் எந்த ஏற்பாட்டையும் செய்திருக்கவில்லை. ஓர் ஆசிரியரின் சொந்தப் பணமே அவனுக்கும் கணிதத்துக்கும் இடையே பாலமாயிற்று. பாலம் தற்செயலாக அமைந்தது. அவ்வாறு அமையாதுபோன வாழ்வுகளுக்குச் சரித்திரம் இல்லை. அவற்றைப் பதிவுசெய்ய எவரும் இருந்திலர்.

நாகர்கோவில் ஸ்கொட் கிறிஸ்தவக் கல்லூரியிலும், பின்னர் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்று பட்டம்பெற்ற பிள்ளைக்கு, 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவிப்பணம் கிடைத்தது. அங்கு ஆனந்தராவ், வைத்தியநாதசுவாமி ஆகிய பேராசிரியர்களின் சூழலிலே ஆய்வைத் தொடங்கினார். ஆனந்தராவ் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்று திரும்பியவர். இராமானுஜன் அங்கிருந்த காலத்திலே தாமும் அங்கிருந்தவர். 1907இல் தொடங்கப்பெற்ற இந்தியக் கணிதக் கழகமும், அதன் சஞ்சிகையும் அதற்குள் வேரூன்றிவிட்டன. இராமானுஜன் தனியே தட்டித்திறக்க வேண்டியிருந்த கதவுகளிற் சில பிள்ளை வரும்போது சற்றே திறந்திருந்தன. இருபது ஆண்டுகளிலே நிறுவனங்கள் செய்த வேறுபாடு இது.

3

1929இல் சிதம்பரத்திலே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அவ்வாண்டிலேயே பிள்ளை அங்கு விரிவுரையாளரானார். 1941 வரை அங்கிருந்த பன்னிரண்டு ஆண்டுகளே அவரது வாழ்வின் ஆக்கச்செறிவு மிக்க காலமாகும். அவர் அக்காலத்தில் எடுத்துக்கொண்ட பிரதான வினாவைக் கணிதப் பயிற்சியற்றோரும் விளங்கிக்கொள்ளலாம்.

எந்த முழு எண்ணையும் வர்க்க எண்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். 7 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால் 4+1+1+1 என நான்கு வர்க்க எண்கள் தேவைப்படும். எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் தேவைப்படாது என்பதை 1770இல் லக்ராஞ்சி நிறுவினார். அதே ஆண்டில் எட்வேட் வேரிங் என்னும் ஆங்கிலேயர் இக்கூற்றை விரித்து, கனங்களாயின் ஒன்பது போதும், நான்காம் வலுக்களாயின் பத்தொன்பது போதும், இவ்வாறே மேலும் செல்லும் என நிறுவலின்றிக் கூறிச்சென்றார். 'வேரிங் பிரச்சினை' எனப் பெயர்பெற்றது இதுவே. ஒவ்வொரு வலுவுக்கும் ஏதோ ஓர் எல்லை உண்டு என்பதை ஹில்பேட் 1909இல் நிறுவினார். அந்த எல்லை துல்லியமாக எத்தனை என்பது வேறு வினா. அதற்கு விடை காண்பது அரிதாயிருந்தது.

ஆறாம் வலுக்களை நோக்குவோம். 1, 64, 729 என அவை விரைந்து வளர்வன. 703 என்ற எண் 729இலும் சிறியது. ஆதலால் அதனை ஆக்குவதற்கு 64களும் 1களும் மட்டுமே உதவும். பத்து 64கள் 640 ஆகும். எஞ்சிய 63க்கு 63 ஒன்றுகள் வேண்டும். ஆக மொத்தம் 73. எனவே 73இலும் குறைந்த எல்லை இருக்க முடியாது. ஆனால் எண்கள் முடிவற்றவை. அவற்றுள் எங்கோ ஓரிடத்தில் 74ஐ வேண்டிநிற்கும் எண் ஒன்று மறைந்திருக்கலாகாதா? இல்லை என்பதைப் பிள்ளை 1940இல் நிறுவினார். அதற்கு முன்னரே, 1936இல் வெளிவந்த கட்டுரைகளில், ஏழாம் வலுவும் அதற்கு மேற்பட்டவையும் பற்றிய பொதுவிதியை ஒரு நிபந்தனைக்கு உட்படுத்தி அவர் நிறுவியிருந்தார். சிக்காக்கோவிலே டிக்சன் என்னும் அமெரிக்கரும் அதே காலத்தில், பிள்ளையின் ஆய்வைச் சாராது, அதே முடிவை அடைந்தார்.

எஞ்சியிருந்த ஐந்தாம் வலுவுக்கு எல்லை 37 என்பதை 1964இல் சீனாவின் சென் ஜிங்ருன் நிறுவினார். நான்காம் வலுவுக்கு 19 என்பதை 1986இல் சென்னையைச் சார்ந்த பாலசுப்பிரமணியனும், தெஷுய்யே, திரெஸ் ஆகிய பிரெஞ்சுக் கணிதவியலாளரும் நிறுவினர். வேரிங்கின் கூற்றுக்கும் இவ்வாண்டுக்கும் இடையே 216 ஆண்டுகள். பல நாடுகளைச் சேர்ந்த பலரின் உழைப்பிலே சிதம்பரத்து விரிவுரையாளர் ஒருவரின் உழைப்பும் ஒரு தூணாயிற்று.

4

இவ்வெற்றியின் தோற்றுவாயைச் சற்று நுணுகி நோக்குவோமாயின் விஞ்ஞானத்தின் சமூகத்தன்மை தெளிவாகும். எண்களைக் கூறுகளாகப் பிரிக்கும் வகைகளின் தொகை பற்றி இராமானுஜனும் ஹார்டியும் 1918இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதிற் கருவாயிருந்த முறையை 1920களில் ஹார்டியும் லிட்டில்வூட்டும் வேரிங் பிரச்சினைக்கு ஏற்ப வளர்த்தனர். சோவியத் கணிதவியலாளரான வினோகிராதோவ் 1930களின் நடுப்பகுதியிலே அதனை மேலும் கூர்மைப்படுத்தினார். மிகப் பெரிய எண்கள் யாவற்றுக்கும் எல்லை பொருந்தும் என்பதைக் காட்டுவதற்கு அவரது முடிவுகள் வழிதிறந்தன. எனினும் 'மிகப் பெரியவை' தொடங்கும் இடத்துக்கும், கையாற் கணித்துச் சரிபார்க்கத்தக்க சிறிய எண்களுக்கும் இடையே பெரும் இடைவெளி கிடந்தது. அந்த இடைவெளியைக் கடந்தமையே பிள்ளையின் தனித்திறன்.

ஆகவே, கும்பகோணத்தவர் ஒருவர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்ற வித்து, சோவியத் மண்ணிலே கிளைவிட்டு, சிதம்பரத்துக்கு மீண்டு கனிந்தது எனலாம். எந்தத் தெய்வமும் இதற்கு வேண்டியதில்லை. அஞ்சலும் சஞ்சிகையும் நூலகமும் வேண்டும். முந்தியோர் உழைப்பை உள்வாங்கி முன்செல்லும் உழைப்பு வேண்டும். நியூட்டனின் ஆக்கத்துக்குச் சமூக, பொருளாதார வேர்கள் உண்டு என்று போரிஸ் ஹெசன் 1931இல் லண்டனிலே வாசித்த கட்டுரை பெரும் விவாதத்தை எழுப்பியது. எண் கோட்பாடு போன்ற தூய கணிதத்தை நேரடியாக உற்பத்தித் தேவைகளோடு முடிச்சுப்போடுவது கொச்சைத்தனமாகும். ஆனால் அத்துறையில் உழைப்போர் எங்கு இருந்து, எதை வாசித்து, எவர் பணத்தில் வாழ்ந்து உழைக்கின்றனர் என்பது பொருளியல் சார்ந்த வினாவே.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் அண்ணாமலைச் செட்டியார். நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் மூலதனம் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழிலாற் பெருகியது. கீழ்ப்பர்மாவின் நெல்வயல்கள் 1930களின் பொருளாதார மந்தத்தின்போது கடனுக்காகப் பெருமளவில் அவர்கள் கைக்கு மாறியமை வரலாறு. தொலைநாட்டு விவசாயியின் கடனும், சிதம்பரத்திலே ஒருவர் ஆறாம் வலுக்களைப் பற்றிச் சிந்திக்கக் கிடைத்த ஓய்வும் ஒரே பொருளாதார அமைப்பின் இரு முனைகள். இதனைக் கூறுவது பிள்ளையின் சாதனைக்கு இழுக்காகாது. அறிவின் வரலாற்றை அதன் விலையோடு சேர்த்து எழுதவேண்டும் என்பதே கருத்து.

காலனித்துவம் வேறு வகையிலும் தன் முத்திரையைப் பதித்தது. பிள்ளையின் முக்கிய கட்டுரைகள் பல அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சஞ்சிகையிலும், இந்தியக் கணிதக் கழகச் சஞ்சிகையிலும் வெளிவந்தன. கேம்பிரிட்ஜிலோ சிக்காக்கோவிலோ அச்சானவற்றுக்குக் கிடைத்த கவனம் அவற்றுக்கு எளிதிற் கிடைப்பதாயில்லை. அறிவுலகிலும் மையமும் விளிம்பும் இருந்தன. இந்நிலையிலே உள்நாட்டு அறிஞர் தொடர்பு அவருக்குப் பெருந்துணையாயிற்று. வட இந்தியாவிற் பணியாற்றிய சர்வதமன் சௌலாவுடன் அவர் நீண்டகாலம் கடிதப் போக்குவரத்து நடத்தினார். இருவரும் சேர்ந்து கட்டுரைகளும் எழுதினர்.

1941இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்கும், அடுத்த ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கும் அவர் சென்றார். கல்கத்தாவுக்கு அவரை அழைத்தவர் பிரெடரிக் லெவி. யூதர் என்ற காரணத்தால் நாசி ஆட்சி பதவியிலிருந்து அகற்றிய ஜெர்மன் கணிதவியலாளர். பாசிசத்தின் அகதியொருவர் தென்னாட்டுத் தமிழர் ஒருவரை அழைக்கிறார்; அழைக்கப்பட்டவர் சென்ற மறு ஆண்டிலே, 1943இல், வங்காளத்துப் பெரும் பஞ்சம் கல்கத்தாத் தெருக்களைப் பிணக்காடாக்குகிறது. 'தூய' கணிதம் செய்யப்பட்ட உலகம் இத்தகையது.

அவரது ஏனைய ஆய்வுகளுள் இரண்டை மட்டும் சுட்டலாம். அடுத்தடுத்து வரும் எண்களைப் பதினேழுக்குக் குறைவாக எத்தனை எடுத்தாலும், அவற்றுள் ஒன்றேனும் ஏனையவற்றுடன் 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி அற்றதாக இருக்கும் என அவர் நிறுவினார். பதினேழு எண்களாயின் இது பொய்த்துவிடும். 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களுள் அத்தகையது ஒன்றும் இல்லை. மற்றையது, முழுவலு எண்களுக்கிடையிலான வித்தியாசம் பற்றிய அவரது ஊகம். 8, 9 ஆகியவை இரண்டின் கனமும் மூன்றின் வர்க்கமும் ஆகும், வித்தியாசம் 1. இவ்வாறு குறித்த ஒரு வித்தியாசத்தைத் தரும் சோடிகள் எந்நிலையிலும் முடிவுள்ள தொகையினவே என்றார் பிள்ளை. வித்தியாசம் 1 ஆகும்போது 8, 9 தவிர வேறு சோடி இல்லை என்பதை மிஹாய்லெஸ்கு 2002இல் நிறுவினார். 2 முதலாய ஏனைய வித்தியாசங்களுக்குப் பிள்ளையின் ஊகம் இன்றும் நிறுவப்படாமலே உள்ளது. அவர் எழுப்பிய வினாவில் உலகம் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

5

பிள்ளை சிதம்பரத்தில் இருந்த காலத்திலே, 1931இல், அப்பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக வந்துசேர்ந்தவர் ஈழத்தவரான சுவாமி விபுலாநந்தர். அவர் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணத்திலே விஞ்ஞானம் கற்பித்தவர். பின்னர் 1947இல் வெளிவந்த 'யாழ் நூ'லில் இசைச் சுரங்களைக் கணித முறையால் ஆராய்ந்தவர். தமிழிலே கலைச்சொல்லாக்க முயற்சிகளுக்கு முன்னின்றவர். ஒரே வளாகத்தில் தமிழும் கணிதமும் இவ்விருவர் உருவில் அருகருகே இருந்தன. ஆயினும் பிள்ளையின் ஆய்வுகள் முழுவதும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. தமிழிலக்கிய உலகம் அவற்றை அறியவில்லை. இப்பிளவு எங்கே தொடங்கிற்று என ஆராயும்போது நாம் யாழ்ப்பாணத்துக்கு வந்துசேர்கிறோம்.

1823இல் அமெரிக்க மிசனரிமாரால் வட்டுக்கோட்டையிலே தொடங்கப்பட்ட செமினரியில் கணிதமும் வானியலும் உயர்தரத்திலே கற்பிக்கப்பட்டன. அங்கு பயின்று ஆசிரியருமான விசுவநாதபிள்ளை, கறோல் என்னும் தமது கிறிஸ்தவப் பெயரில், 1855இல் 'வீசகணிதம்' என்ற நூலைத் தமிழிலே வெளியிட்டார். அட்சரகணிதம் தமிழிற் பேசத் தொடங்கிய அதே ஆண்டில் செமினரி மூடப்பட்டது. அங்கு கற்றோர் சமயப்பணிக்கு வராது அரசாங்க உத்தியோகத்தை நாடினர் என்பது மிசனரிமாரின் மனக்குறையாயிருந்தது.

அதே செமினரியின் இன்னொரு மாணவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901). கோப்பாயிலே இளம் ஆசிரியராகத் தொழிலைத் தொடங்கிய அவர், 1857இல் விசுவநாதபிள்ளையுடன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பட்டதாரித் தேர்வில் தேறினார். எழுபதாண்டுகளின் பின்னர் சிவசங்கரநாராயண பிள்ளைக்கு ஆய்வு உதவிப்பணம் வழங்கியது அதே பல்கலைக்கழகமே. தாமோதரம்பிள்ளை சென்னையிலே அரசாங்க வரவுசெலவுக் கணக்குத் துறையிற் பணிபுரிந்தார். பின்னர் சட்டம் பயின்று நீதிபதியுமானார். தமிழுக்கு அவர் அளித்தவை தொல்காப்பியம், கலித்தொகை முதலாய பழநூற் பதிப்புகள்.

இவ்விரு பட்டதாரிகளின் வாழ்வும் ஒரு காலத்தின் திசையைக் காட்டுகின்றன. கணிதமறிந்த தமிழனுக்குக் காலனித்துவ அரசு திறந்துவைத்த கதவு கணக்கு அலுவலகத்தின் கதவாகும். இராமானுஜனுக்கும் முதலில் அதுவே கிடைத்தது. மறுபுறத்தில், தமிழுணர்ச்சி தன் பெருமையைப் பழைய ஏடுகளிலே தேடியது. அத்தேட்டத்தின் பயன் மகத்தானது. ஆயினும் 'வீசகணிதம்' தொடங்கிய பாதை தூர்ந்தது. தமிழ் இலக்கியத்துக்கும் சமயத்துக்கும் உரியதாகவும், ஆங்கிலம் விஞ்ஞானத்துக்கும் உத்தியோகத்துக்கும் உரியதாகவும் பங்கிடப்பட்டன. மத்தியதர வர்க்கம் இப்பங்கீட்டை இயற்கையானது என்றே ஏற்றுக்கொண்டது.

இன்னொரு பங்கீடும் இருந்தது. பிள்ளை சிதம்பரத்திலே எண்களை ஆராயத் தொடங்கிய 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் ஏனையோருடன் சமாசனத்தில், அதாவது ஒரே வாங்கில், இருக்கும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. வாங்கிலே இடமில்லாத பிள்ளைக்கு எண் கோட்பாடு எட்டாத நிலவு. வல்லத்து அநாதைச் சிறுவனுக்கு ஒரு சாஸ்திரியார் கிடைத்தார். பாடசாலைக்குள் நுழையவே தடுக்கப்பட்ட பிள்ளைக்கு அத்தகைய ஆசிரியரைச் சந்திக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. மேதைமை அரிது என நாம் கூறுகிறோம். அதற்குக் கிடைக்கும் இடமே அரிதாயிருந்தது என்பதே பொருத்தமாகும்.

6

1950இல் பிள்ளைக்கு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஓராண்டுக் காலம் தங்கி ஆராய அழைப்பு விடுத்தது. ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் அவ்வேளை கூடவிருந்த அனைத்துலகக் கணிதவியலாளர் மாநாட்டிலும் அவர் பங்குபற்றுவதாயிருந்தார். அவர் சென்ற விமானம் ஆகஸ்ட் 31ஆந் திகதி கெய்ரோவிலிருந்து புறப்பட்டபின் எகிப்தியப் பாலைவனத்தில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 55 பேரும் மாண்டனர். பிள்ளைக்கு அப்போது வயது 49. வேரிங் பிரச்சினை பற்றிய அவரது ஆய்வை, இராமானுஜனுக்குப் பின் இந்தியக் கணிதம் கண்ட தலைசிறந்த சாதனைகளுள் ஒன்றாகக் கே. சந்திரசேகரன் மதிப்பிட்டார். ஆனால் சிதறிக்கிடந்த கட்டுரைகள் முழுத்தொகுப்பாக வெளிவர 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பாலசுப்பிரமணியனும் தங்கதுரையும் அதனைப் பதிப்பித்தனர். தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளுக்குச் செய்த பணிக்கு ஒப்பானது இது.

இராமானுஜனைப் புராணமாக்கியதும் பிள்ளையை மறந்ததும் ஒரே மனோபாவத்தின் இரு வெளிப்பாடுகள். அதிசயத்தை வணங்கும் சமுதாயத்துக்கு உழைப்பின் வரலாறு சுவைப்பதில்லை. பிள்ளையின் வாழ்வில் கனவில்லை, தெய்வ வாக்கில்லை. ஆசிரியர் ஒருவரின் உதவி, ஆய்வு உதவிப்பணம், நூலகம், கடிதங்கள், இடைவிடாத கணிப்பு என்பனவே உண்டு. அதனாலேயே அது நமக்குப் பயன்படுவது. அதிசயத்தை எவராலும் திட்டமிட முடியாது. ஆசிரியரையும் நூலகத்தையும் உதவிப்பணத்தையும் திட்டமிடலாம். அவற்றைக் கேட்டுப் போராடவும் முடியும்.

இலங்கையிலே பாடசாலைக் கணிதம் இன்று தமிழிற் கற்பிக்கப்படுகிறது. கோப்பாய் ஆசிரிய கலாசாலையிலிருந்து வெளியேறும் ஆசிரியர்கள் அதனைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்கின்றனர். விசுவநாதபிள்ளை 1855இல் தொடங்கிய பணியின் ஒரு பகுதி இவ்வாறு நிறைவேறியுள்ளது. ஆனால் உயர்கணிதமும் அதன் வரலாறும் இன்னும் தமிழுக்கு வெளியே நிற்கின்றன. தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் 'வீசகணித'த்தை உரைநடை வளர்ச்சியின் ஓர் அடிக்குறிப்பாகக் கருதும்வரை இந்நிலை மாறாது. கவிதைக்கும் காவியத்துக்கும் செய்த பணியைத் தமிழாய்வு கணிதத்துக்கும் செய்தாக வேண்டும். 703 என்ற எண்ணுக்கு ஏன் 73 தேவைப்படுகிறது என்பதைத் தமிழிலே ஒரு பிள்ளைக்கு விளக்குவதற்கு அரைமணி நேரம் போதும். அப்பிள்ளை எந்தக் குடியிற் பிறந்ததாயினும் அந்த அரைமணி நேரம் அதற்குக் கிட்டுமா என்பதே இனி விடைகாண வேண்டிய வினா.